"நாளைக்கு வராதீங்க" என்று சொன்ன பிறகு

காவிரிக்கு அந்தக் கரை ஈரோடு, இந்தக் கரை பள்ளிபாளையம். பாலத்தை விட்டு இறங்கினால் தறிச் சத்தம்தான் முதலில் காதில் விழும். வெளியூர்க்காரருக்கு அது இரைச்சல். அங்கேயே குடியிருப்பவருக்கு அது நின்றால்தான் தூக்கம் கெடும். ராத்திரியில் தெருவே அடங்கிவிட்டால் கரண்ட் போயிருக்கும், வந்துவிடும். பட்டப்பகலில், கரண்ட் இருந்தும் ஒரு பட்டறை சத்தமில்லாமல் கிடந்தால் சங்கதி வேறு. "பாவு வரலை. கொஞ்ச நாளைக்கு வேற எடம் பாத்துக்குங்க" என்று ஓனர் சொல்லியிருப்பார். பத்து வருட வேலை அந்த ஒற்றைப் பேச்சில் முடிந்திருக்கும்.

சேலம், நாமக்கல் சீமையில் ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு பேச்சு உண்டு. குமாரபாளையம், திருச்செங்கோடு, இடைப்பாடி, தாரமங்கலம், இளம்பிள்ளைத் தறிகளில் பாவு நூல் வராது. நாமக்கல் லாரி பாடி பட்டறைகளில் சேசிஸ் வராது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி வராது. 2025 டிசம்பரில் வெள்ளி கிலோ 2 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் ஆர்டர் சுருங்கினால் முதலில் கை நிற்பது பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறவருக்குத்தான். அதே ஆண்டு ஆகஸ்டு 27-இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. கடல் தாண்டிப் போட்ட வரி குமாரபாளையத்துச் சந்தில் தறி ஓட்டுகிறவரின் வாரக் கூலியைத் தொட அதிக நாள் ஆகாது. ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கு வரத்து நின்றதும் அரவை நிற்கும். அது வருடா வருடம் நிற்பதுதான் என்று அதை யாரும் வேலையிழப்பு என்றே சொல்வதில்லை.

இத்தனையிலும் ஒரு பொது அம்சம் உண்டு. வேலை வாய்ப்பேச்சில் போகிறது. எந்த உதவியைக் கேட்கப் போனாலும் அவர்கள் கேட்பது காகிதம். பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ இருப்பதுபோல், வேலை போனவர் போய் நிற்க ஒரே ஒரு ஜன்னல் இங்கே இல்லை. இ.எஸ்.ஐ. ஓர் இடம், பி.எஃப். ஓர் இடம், தொழிலாளர் துறை ஓர் இடம், நல வாரியம் ஓர் இடம், தாலுகா அலுவலகம் இன்னோர் இடம். ஒரு கதவில் இருப்பவருக்கு அடுத்த கதவில் என்ன கிடைக்கும் என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்ல நேரமிருக்காது. அதனால் எங்கே போவது என்பதற்கு முன்னால், எதைக் கையில் வைத்துக்கொண்டு போவது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் கையெழுத்து

கணக்கு முடிக்கிற அன்று ஒரு தாள் நீட்டப்படும். "இதுல ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் பணத்த வாங்கிக்கங்க." அதில் பெரும்பாலும் 'சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன், எனக்குச் சேர வேண்டிய எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்றிருக்கும். சில இடங்களில் வெற்றுத் தாளாகவே நீட்டுவார்கள். சேர்ந்த அன்றே அப்படி ஒன்றை வாங்கிப் பீரோவில் வைத்திருப்பவர்களும் உண்டு.

வேலையிழப்பில் மிகப் பெரிய நஷ்டம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. சம்பளம் போவது பிறகு. தானாக விலகியவருக்கு ஆள்குறைப்பு இழப்பீடு கிடையாது. இ.எஸ்.ஐ.யில் வேலையிழப்புப் படி கேட்கப் போனாலும் 'தானாக விலகியவர்' என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும். நிறுத்தியது அவர்கள், விலகியதாக எழுதிக் கொடுத்தது நீங்கள் என்றாகிவிடும்.

வீட்டில் அரிசிக்குக் காசில்லாதபோது இரண்டு வாரக் கூலியைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மறுக்க முடியாவிட்டால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதுங்கள்: 'சம்பளப் பாக்கி இவ்வளவு ரூபாய் மட்டும் பெற்றேன்.' தேதி போடுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் மட்டும், எத்தனை ரூபாய் தந்தாலும், கையெழுத்து வேண்டாம்.

அன்று ராத்திரியே வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். கூலிச் சீட்டு, அடையாள அட்டை, சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக், ஓனர் ஜிபே அனுப்பிய பதிவு, 'நாளைக்கு ரெண்டாவது ஷிப்டு வந்துருங்க' என்று வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி, எல்லாம் அதில் சேரும். தறிக்காரர் வீட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். வாரா வாரம் ஓட்டிய மீட்டரைப் பையனோ பெண்ணோ எழுதி வைத்திருப்பார்கள். அந்த நோட்டும் சாட்சிதான். பட்டறைக்குள் தறியோடு நிற்கிற பழைய போட்டோவும் சாட்சிதான்.

பிறகு ஒரு கடிதம். நான்கு வரி போதும். 'ஐயா, உங்கள் பட்டறையில் இன்ன வருடம் முதல் வேலை செய்து வந்தேன். இன்ன தேதியில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னீர்கள். நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். வேலை தர இயலாவிட்டால் சட்டப்படி சேர வேண்டிய தொகையைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கீழே பெயர், தேதி, கையெழுத்து. ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, விரைவுத் தபாலில் ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டதால் கவுண்டரில் அப்படித்தான் கேட்க வேண்டியிருக்கும். ஓனர் வாங்க மறுத்தால் 'மறுக்கப்பட்டது' என்று எழுதித் திரும்பி வரும். அந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். வாய்ப்பேச்சில் போன வேலைக்கு ஒரு தேதியும் ஆதாரமும் அங்கேதான் உண்டாகிறது.

'சட்டப்படி சேர வேண்டிய தொகை' எது? 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் உட்படப் பல பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழிலாளிக்குச் சாதகமாக இருந்த சிலவற்றை அவை தளர்த்திவிட்டன. அரசின் முன் அனுமதியில்லாமல் ஆலையை மூடவோ ஆளைக் குறைக்கவோ கூடாது என்ற விதி முன்பு 100 தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது, இப்போது 300. ஆனால் அடிப்படை அப்படியே இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை, அதாவது முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை, ஆள்குறைப்பாக நிறுத்தினால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். எட்டு வருடம் என்றால் 120 நாள் சம்பளம். இத்தனை பேர் இருக்கும் பட்டறைக்குத்தான் இது என்ற கணக்கு இதற்கு இல்லை. ஆறு தறி ஓடுகிற கொட்டகைக்கும் உண்டு. புதிய சட்டத்தில் மறுதிறன் நிதி என்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆள்குறைப்பு செய்யப்பட்டவருக்காக முதலாளி இன்னொரு 15 நாள் சம்பளத்தைக் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் ஏற வேண்டும். நின்ற சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை தனியாக உண்டு. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், 30 நாளுக்குள் தர வேண்டும்.

தராவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 45 நாளில் முடியாவிட்டால் நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஒன்றை மட்டும் கவனமாக வையுங்கள்: முன்பு மூன்று ஆண்டு வரை மனு போடலாம் என்றிருந்தது இப்போது இரண்டு ஆண்டாகிவிட்டது. 'தைக்கு அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இரண்டு தை போனால் உரிமையும் போய்விடும்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மட்டுமல்ல

நூற்பாலை, சேகோ ஆலை, பெரிய பாடி பில்டிங் கம்பெனி, கோழித் தீவன ஆலை போன்ற இடங்களில் இருந்தவர்களில் பலருக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்திருப்பார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்டியிருப்பார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு இது பொருந்தும். மாத்திரை வாங்கும் இடம் என்று மட்டுமே பெரும்பாலோர் இதை அறிந்திருக்கிறார்கள். வேலை போனவருக்குப் பணம் தருகிற திட்டம் இந்த நாட்டில் ஒழுங்காக இருக்கிறதென்றால் அது இங்கேதான்.

இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. பெயர்கள் நம் வாயில் நுழையாதவை என்பதால் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலையில் வந்தது. முதலில் சராசரி தினச் சம்பளத்தில் கால் பங்கு தந்தார்கள், கொரோனாவின்போது பாதியாக உயர்த்தினார்கள். 90 நாள் வரை கிடைக்கும். மாதம் 15,000 ரூபாய் வாங்கியவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 250 ரூபாய், மொத்தம் 22,500 ரூபாய் சுமாருக்கு வரும். வேலை போவதற்கு முன் இரண்டு ஆண்டு இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். கடைசி ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குக் குறையாமலும், அதற்கு முந்தைய மூன்று சந்தாக் காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை போய் 30 நாள் கழித்துக் கேட்கலாம். முன்பு முதலாளியின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது தொழிலாளியே கிளை அலுவலகத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இது பெரிய மாற்றம். யார் வேலையை விட்டு அனுப்பினாரோ அவரிடமே போய் நின்று கையெழுத்துக் கேட்க வேண்டியதில்லை. வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். அவ்வப்போது கால நீட்டிப்புக் கொடுத்து நடத்துகிற திட்டம் இது. ஆகவே போகும்போதே, இப்போது எந்தத் தேதி வரை நீட்டித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, 2005 முதல் இருப்பது. ஆலை மூடப்பட்டோ, ஆள்குறைப்பிலோ, வேலைக்குச் சம்பந்தமில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டோ வேலை போனவருக்கானது. இரண்டு ஆண்டு சந்தா இருந்தால் போதும். முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலம் முழுக்கக் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. 'ஆள்குறைப்பு', 'மூடல்' என்ற சொல் காகிதத்தில் இருக்க வேண்டும் என்று மேலே இவ்வளவு வற்புறுத்தியதன் காரணம் இப்போது புரியும். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தவருக்கு இந்த இரண்டு வருடப் பணம் கைநழுவிவிடும்.

வேலை போன அன்றே இ.எஸ்.ஐ. அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வைத்தியம் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒழுங்காகச் சந்தா கட்டி வந்தவர் அக்டோபரில் வேலை இழந்தால் அடுத்த ஜூன் வரை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பலர் வேலை போனதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தத் தேவையில்லை.

சந்தா பிடித்தார்கள், ஆனால் கட்டவில்லை என்று தெரிய வந்தால் கிளை அலுவலகத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். சேலத்தில் இ.எஸ்.ஐ. கழகத்தின் துணை மண்டல அலுவலகம் இருக்கிறது. பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது குற்றம்.

பி.எஃப். பற்றிச் சுருக்கமாக. வேலை போனால் 75 சதவீதம் எடுக்கலாம். மீதி 25 சதவீதத்தையும் எடுத்துக் கணக்கை முடிக்க முன்பு இரண்டு மாதம் காத்திருந்தால் போதும் என்றிருந்தது. அதை 12 மாதமாக்க 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. பணம் கேட்டு விண்ணப்பித்தவர்களில் பலர் சிக்குவது ஒரு சின்ன இடத்தில்: முதலாளி 'விலகிய தேதி'யைக் கணினியில் ஏற்றியிருக்க மாட்டார். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு, ஆதாரோடு இணைந்த போன் எண் இருந்தால், அந்தத் தேதியை நீங்களே ஏற்றலாம். முதலாளியைத் தேடிப் போகத் தேவையில்லை. ஓய்வூதியக் கணக்கில் இருப்பதை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பத்து வருடம் முடித்தால் மாத ஓய்வூதியம் உண்டு. எட்டு, ஒன்பது வருடத்தில் இருப்பவர் அதைப் பணமாக எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் அழிந்துபோகும். அதற்குப் பதில் 'ஸ்கீம் சர்ட்டிபிகேட்' வாங்கி வைத்தால் அடுத்த வேலையோடு சேரும்.

பெயரே பதியாதவர்கள்

இதுவரை சொன்னதில் பாதி, எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத தறிக்காரருக்கும் கொலுசு வேலைக்காரருக்கும் எட்டாது. இந்தச் சமவெளியில் அவர்கள்தான் ஏராளம்.

தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியங்கள் இருக்கின்றன. விசைத்தறித் தொழிலாளர்களுக்குத் தனி வாரியம் உண்டு, கைத்தறிக்குத் தனி, கட்டுமானத்துக்குத் தனி. பொன், வெள்ளி வேலை செய்கிறவர்களுக்குப் பொற்கொல்லர் நல வாரியம். லாரி ஓட்டுகிறவர், ஒர்க் ஷாப்பில் ரிப்பேர் பார்க்கிறவர் ஆகியோருக்கு அமைப்புசாரா ஓட்டுநர் வாரியம். 18 முதல் 60 வயது வரை பதியலாம். பதிவு இலவசம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மாவட்டந்தோறும் இதற்கென்றே தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம் இருக்கிறது.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: வாரியம், வேலை போனதற்கு மாதா மாதம் பணம் தராது. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, இயற்கை மரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் ஆகியவற்றுக்குத்தான் உதவி. ஆனால் வேலை இல்லாத வருடத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்கு வருகிற கல்வித் தொகை சின்ன விஷயமா? இன்னொன்றும் உண்டு. 2020 ஊரடங்கின்போது அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்த அரசு, வாரியத்தில் பதிந்திருந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் தனியாக இன்னொரு 1,000 ரூபாய் கொடுத்தது. பக்கத்திலேயே செங்கல் சுமந்தவர், பதியாத காரணத்தால் பார்த்துக்கொண்டிருந்தார். நெருக்கடி வரும்போது அரசு கையில் இருக்கிற பட்டியலைத்தான் எடுக்கும். பட்டியலில் ஏறுவதற்கு நெருக்கடி வருமுன் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் அப்படித்தான். 16 முதல் 59 வயது வரை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர் பதியலாம்.

'வேலையில்லா உதவித்தொகை கொடுக்கிறாங்களாமே' என்று சேலம் கோரிமேட்டில் இருக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. அது நேற்று வேலை போனவருக்கானது அல்ல. பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வயது 40-க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்று வருடம் வரை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வருடப் பதிவு போதும், தொகையும் கூடுதல், பத்து வருடம் வரை கிடைக்கும். 200 ரூபாய் ஒரு நாள் கூலிகூட இல்லை. இதை உயர்த்தக் கேட்க வேண்டியது நம் கடமை. அதுவரை, தகுதி இருப்பவர் வாங்காமல் விட வேண்டியதும் இல்லை.

கிராமத்தில் இருப்பவர் நூறு நாள் வேலைக்கு ஊராட்சியில் எழுதிக் கேட்கலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருப்பதால் இப்போதைய நடைமுறையை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு போன்ற நகராட்சிகளுக்குள் குடியிருக்கும் தறிக்காரருக்கு அந்த வேலை கிடையாது. எங்கே தறி அதிகமோ அங்கேதான் இந்தத் திட்டம் இல்லை.

அடுப்பும் ஆஸ்பத்திரியும்

வருமானம் போய்விட்டால் முன்பு கிடைக்காது என்று சொன்ன சில உதவிகளுக்கு இப்போது தகுதி வந்திருக்கும். இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சர்க்கரை அட்டை வைத்திருப்பவர் அரிசி அட்டையாக மாற்ற வட்ட வழங்கல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரையும், அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோவும் விலையில்லாமல் கிடைக்கும். இ.எஸ்.ஐ. முடிகிற நாளுக்கு முன்பே முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் போட்டுவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பழைய சம்பளத்தை வைத்து எழுதிய வருமானச் சான்று இருந்தால் புதிதாக வாங்குங்கள். மகளிர் உரிமைத் தொகை, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியதாகச் சொல்லித் தள்ளுபடியாகியிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு.

தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றப்போனால், 'பாக்கிய கட்டினாதான் டி.சி.' என்று நிறுத்துவார்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காமல் அடுத்த நாளே அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

பாக்கி

வேலை போன வீட்டில் பசியைவிட முன்னால் வந்து நிற்பது கடன். அதிலும் தறிக்காரர் வீட்டில் 'பாக்கி'. தறியில் சேரும்போது ஓனரிடம் வாங்குகிற முன்பணத்துக்கு இங்கே அதுதான் பெயர். குமாரபாளையத்துப் பாக்கியைப் பற்றி 1999-இல் ஒரு சமூகவியல் ஆய்விதழில் தனிக் கட்டுரையே வந்தது. தொழிலாளியும் விரும்பிக் கேட்பதுதான் இது. மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் மொத்தமாகப் பணம் தர வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் தறி நின்றதும், 'பாக்கிய வெச்சிட்டுப் போ' என்கிறார் ஓனர். அதைக் கட்ட இன்னோர் ஓனரிடம் பாக்கி வாங்கினால், கடன் அப்படியே இருக்க ஆள் மட்டும் கை மாறுகிறார்.

வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பது குற்றமல்ல. ஆனால் அந்தப் பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போகக் கூடாது என்று தடுப்பதும், குடும்பத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து தறியில் நிறுத்து என்பதும், சந்தைக் கூலிக்குக் குறைத்துக் கழிப்பதும் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம். விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்தால் அந்தக் கடனே ரத்தாகிவிடும், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு.

அடுத்தது குழு லோன். வாராவாரம் வாசலில் வந்து உட்காருவார்கள். மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஈடு கேட்கக் கூடாது. வீட்டின் எல்லாக் கடன்களுக்குமான தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவே கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து கேட்கக் கூடாது. மிரட்டுவது, ஏசுவது, உறவுக்காரரை, அக்கம்பக்கத்தாரை இழுத்து அவமானப்படுத்துவது கூடாது. வேலை போன வாரமே கிளைக்குப் போய், தவணையைத் தள்ளிவைக்கும்படி எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதிலில்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. தனியாள் தருகிற மீட்டர் வட்டிக்கு 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டிச் சட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் காவல் நிலையம் போகலாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேருவதைத்தான் நிறுத்த வேண்டும்.

இதை எழுதும்போது மனது கனக்கிறது. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களைத் தரகர்கள் வாங்கிய செய்தி வெளியே வந்தது. அரசு விசாரணை நடந்தது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. அந்த ஊரில் இந்தப் பேச்சு முதல் முறை எழுந்ததும் அல்ல. கடன்காரன் வாசலில் நிற்கும்போதுதான் தரகர் வருவார். 'ரெண்டுல ஒண்ணுதான, ஒண்ணும் ஆகாது' என்பார். உறுப்பு விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நின்றுகொண்டே மணிக்கணக்கில் தறி ஓட்டுகிற உடம்பை அறுத்த பிறகு அதே வேலையைச் செய்வது எளிதல்ல, கடன் மட்டும் திரும்ப வரும். அப்படி யாராவது வந்து பேசினால் பணம் கைமாறுவதற்கு முன்பே போலீசிடமோ ஆட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். பயமாக இருந்தால் தொழிற்சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலை தேடுகிறவரைக் குறிவைக்கிற மற்றவர்களும் உண்டு. டெலிகிராமில் 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று சொல்லி முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் அந்த மணி நேரத்துக்குள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். சுற்றுலா விசாவில் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் அனுப்புகிற ஏஜென்ட் பேச்சைக் கேட்டு இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கி மீண்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். நல வாரிய அட்டை வாங்கித் தருகிறேன் என்று இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கிறவரை நம்ப வேண்டாம், பதிவு இலவசம்.

'வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இருந்தா நாங்க ஏன் இப்படி நிக்கிறோம்' என்று கேட்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டம் தொழிலாளிக்கு இலவச வழக்கறிஞர் தருகிறது. வருமான வரம்பு மற்றவர்களுக்குத்தான். இந்தச் சட்டம் சொல்கிற தொழில்துறைத் தொழிலாளி என்றால் வருமானம் எவ்வளவு என்றே கேட்க மாட்டார்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. சேலத்திலும் நாமக்கல்லிலும் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது. போனில் 15100. தொழிலாளர் நீதிமன்றம் சேலத்திலேயே இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

எந்தக் கதவும் திறக்காவிட்டால் திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். எந்தத் துறை, என்ன கேட்கிறீர்கள், எந்தத் தேதியில் வேலை போனது என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தபாலில் அனுப்பிய கடிதத்தின் ஜெராக்ஸையும் ஒப்புகையையும் பின்னால் இணையுங்கள். இரண்டு விஷயம் என்றால் இரண்டு மனு. பதிவு செய்யும் மேசையில் மனு எண் போட்ட ரசீது தருவார்கள். அதை வாங்காமல் படியிறங்க வேண்டாம். அடுத்த மாதம் போய்க் கேட்கும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.